செம கேரக்டர்

அண்ணா, வணக்கம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊருக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், எண்பதைத் தாண்டியவர், போன மாதம் என்னை ஐஸ் ஹாக்கி பார்க்கக் கூட்டிப்போனார். இப்போது இங்கே ஆடும் அணி தண்டர்பேர்ட்ஸ். ஆனால் அவர் ஆட்டம் முழுக்க இண்டியன்ஸ் என்ற பழைய அணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 1994-லேயே போய்விட்ட அணி. (நம்ம ஆட்களோ என்று முதலில் குழம்பினேன்!) அதன் முதலாளி எடி ஷோர் செம கேரக்டர் அண்ணா. கோல்கீப்பர் சும்மா சும்மா கீழே விழுகிறார் என்று பயிற்சியின்போது கயிற்றால் கோல் கம்பத்தில் கட்டிவிடுவாராம். பிடிக்காத ஆட்டக்காரரை பாப்கார்ன் விற்க அனுப்புவாராம். கேட்டுக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். எங்கள் மேனேஜரும் இதே டைப்தான். அவர் வீடு மாறியபோது ஞாயிற்றுக்கிழமை டீமில் நாலு பேர் போய் சோஃபா தூக்கினோம். முதுகு இரண்டு நாள் பிடித்துக்கொண்டது. கிரீன் கார்டு பேப்பர் அவரைத் தாண்டித்தானே போகவேண்டும், ஹா ஹா.

என் கேள்வி இதுதான். பெரிய லீக்கில்கூட ஆடாத, செத்துப்போன ஒரு அணியை முப்பது வருஷம் கழித்தும் ஒரு மனிதர் எப்படி இப்படி நேசிக்கிறார்? இந்த மாதிரி விளையாட்டு வரலாறு தமிழில் ஏன் இல்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் எடுத்துவிட்டுத்தான் போடுகிறேன். நீங்கள் எடுக்கச் சொல்லவில்லை. அனுப்புமுன் கடிதத்தை ஒரு முறை படித்துப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

தமிழில் ஏன் இல்லை என்றால் யாரும் எழுதவில்லை, அதனால் இல்லை. நீங்கள் அந்த ஊரில் இருக்கிறீர்கள், பக்கத்து வீட்டிலேயே சாட்சி இருக்கிறார், எழுதுங்கள், இருக்கும். இந்தக் கேள்விக்கு இதற்குமேல் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இண்டியன்ஸ் என்பது நம்ம ஆட்கள் இல்லை, அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறித்துவந்த பெயர். அந்தக் காலத்தில் அங்கே எதற்கெடுத்தாலும் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள், உங்கள் ஊரில் தயாரான மோட்டார் சைக்கிளுக்கும் இண்டியன் என்றுதான் பெயர். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அணி என்பது முதலில் ஒரு உரிமைப் பத்திரம், அப்புறம்தான் பதினைந்து இருபது ஆட்கள். ஆட்களும் சட்டையும் பெயரும் போனாலும் பத்திரம் கைமாறி ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். 1994-ல் உங்கள் ஊரிலிருந்து கிளம்பிய அந்தப் பத்திரம் அதே மாநிலத்தில் வுஸ்டருக்குப் போனது, 2005-ல் இல்லினாய்ஸில் பியோரியாவுக்கு, 2013-ல் நியூயார்க் மாநிலத்தில் யூடிகாவுக்கு, 2021-ல் கனடாவின் மேற்குக் கோடியில் அபாட்ஸ்ஃபோர்டுக்கு. அபாட்ஸ்ஃபோர்டில் நாலில் ஒருவருக்குக் குறையாமல் தெற்காசிய வம்சாவளி, பெரும்பாலும் பஞ்சாபிகள். 2025-ல் அந்த அணி, பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் ஏஹெச்எல் என்ற லீக்கின் காள்டர் கோப்பையை வென்றபோது அதில் அர்ஷ்தீப் பெயின்ஸ் என்ற பஞ்சாபிக் குடும்பத்துப் பையன் ஆடினார். இண்டியன்ஸ் என்று பெயர் இருந்தபோது வராத இந்தியர் பெயர் போய் முப்பது வருஷம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறார். உங்கள் பெரியவரிடம் சொல்லுங்கள், ரசிப்பார். அல்லது அது வேறு அணி என்று கோபப்படுவார். கோபப்பட்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். செம கேரக்டர் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையோடு எனக்கு நீண்ட நாள் பகை.

எடி ஷோர் யார் என்பதைப் பெரியவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார். கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்துக்காரர், பாஸ்டன் புரூயின்ஸின் தடுப்பாட்டக்காரர், நீங்கள் சொன்ன பெரிய லீக்கான என்ஹெச்எல்லின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை நாலு முறை வாங்கியவர். தடுப்பாட்டக்காரர்களில் வேறு யாரும் அத்தனை முறை வாங்கியதில்லை. 1933 டிசம்பரில் டொராண்டோவின் ஏஸ் பெய்லியைப் பின்னாலிருந்து மோதித் தள்ளி அவர் மண்டையை உடைத்தவரும் இவரே. பெய்லி பிழைத்தார், ஆனால் அதன்பிறகு ஆடவில்லை. இரண்டு மாதம் கழித்து அவருக்கு நிதி திரட்ட ஒரு ஆட்டம் நடத்தினார்கள், அதில் இருவரும் கைகுலுக்கினார்கள், அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கைகுலுக்கியவுடன் எல்லாம் சரியாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

1926-ல் தொடங்கிய இண்டியன்ஸை 1939-ல் ஷோர் வாங்கினார். அதற்கு முன்பே ஒருமுறை நடுவில் நின்றுபோய் மறுபடி வந்த அணி அது. மேற்கு ஸ்பிரிங்ஃபீல்டில் பொருட்காட்சி மைதானத்துக்குள் இருக்கும் கொலீசியம்தான் அவர்களுடைய அரங்கம். அதை 1916-ல் கட்டியது கால்நடைக் கண்காட்சிகளுக்காக. போர் வந்ததும் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது, ஷோர் ஆட்களோடு பஃபலோவுக்குப் போய் அங்கே இரண்டு கோப்பை வாங்கினார். 1951-ல் அணியை சிரக்யூஸுக்கு இழுத்துப்போய் மூன்று வருஷத்தில் திரும்பி வந்தார். 1960, 61, 62 என்று அடுத்தடுத்து மூன்று காள்டர் கோப்பை. அந்த லீக்கில் மூன்று வருஷம் தொடர்ந்து வென்ற அணி இன்றுவரை அது ஒன்றுதான். உங்கள் பெரியவரின் கண் கலங்கியிருந்தால் இந்த இடத்தில்தான் கலங்கியிருக்கும், அப்போது அவருக்கு இருபது வயது இருந்திருக்குமா?

இனி அந்தக் கதைகள். நான் சொல்லவேண்டியதில்லை, ஹாக்கி பேசுகிற எவரிடமும் பத்து இருக்கும். ஆடத் தெரியாத கால் பனியில் நிற்காது என்று ஷோர் ஆட்டக்காரர்களை டான்ஸ் ஆடவிட்டது. ஒரு ஆளைக் கொடுத்து கோல் வலை வாங்கிவிட்டு, வலை புதுசாக இல்லை என்று புகார் செய்தது. முப்பது கோல் போட்டால் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தால் இருபத்தொன்பதோடு உட்காரவைத்தது. இவற்றில் எது நடந்தது, எது சொல்லிச் சொல்லி வளர்ந்தது என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் பிளாக் ஏசஸ் நிஜம். காயம் பட்டவர்கள், ஷோருக்குப் பிடிக்காமல் போனவர்கள், சம்பளம் கூட்டிக் கேட்டவர்கள், இவர்களையெல்லாம் ஆட்டத்தில் இறக்காமல் தனியாக ஒரு கும்பலாக வைத்திருப்பார். காலையில் பயிற்சி உண்டு, அப்புறம் அரங்கத்து வேலை. நாற்காலிக்குப் பெயின்ட் அடிப்பது, பல்பு மாற்றுவது, பாப்கார்ன் விற்பது, பனி நடனக் குழு வந்தால் அவர்களுக்கு பலூன் ஊதிக் கொடுப்பது. டான் செர்ரி என்று ஒருவர், பின்னாளில் கனடா டிவியில் சனிக்கிழமை தோறும் பளபளக்கிற கோட்டு போட்டுக்கொண்டு வந்து ஊரைச் சிரிக்கவைத்தவர், அவரும் அந்தக் கும்பலில் இருந்தவர்தான். ஷோர் கதைகள் உலகம் முழுக்கப் பரவியதில் அவர் பங்கு பெரியது. அனுபவித்தவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார், அப்புறம் நாம் சிரிப்பதில் என்ன தப்பு என்பீர்கள்.

இங்கே நான் ஒரு அச்சகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

படிப்பு முடித்து வேலை இல்லாமல் இருந்த இரண்டு வருஷம் ஒரு அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தேன். ஆஃப்செட் எங்கள் ஊருக்கு இன்னும் வராத காலம். ஈய எழுத்தைக் கையால் பொறுக்கி ஸ்டிக்கில் கோக்கிற கம்பாசிட்டர்கள் ஆறு பேர், ட்ரெடில் மெஷின் இரண்டு. ப்ரூஃப் பார்ப்பதோடு சம்பள ஏடு எழுதுவதும் என் வேலை, ஏனென்றால் என் கையெழுத்து நன்றாக இருக்கும். கம்பாசிட்டர்களில் மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. எழுத்துக் கேஸைப் பார்க்காமலே பொறுக்குவார், பேசிக்கொண்டே கோப்பார், தப்பு வராது. ஒருநாள் வந்துவிட்டது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இனிஷியல் மாறிப்போய், ப்ரூஃபில் நானும் விட்டுவிட்டு, ஐந்நூறு பத்திரிகை அடித்து முடிந்தபிறகுதான் தெரிந்தது. முதலாளி கத்தவில்லை. கேஸ் பக்கம் வராதே என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டில் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினார். பதினோரு நாள். ப்ரூஃபில் விட்ட என்னை ஒன்றும் சொல்லவில்லை, நான் அவருக்குத் தூரத்துச் சொந்தம்.

அண்ணாச்சி திரும்பி வந்ததும் அது எங்கள் டீக்கடைக் கதையாகிவிட்டது. அவர் சொல்வதைக் கேட்கவேண்டும். முதலாளி வேட்டியை மடித்துக்கட்டுவதும், ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து பார்த்து இதுக்கு அரைக் குடம் கூட ஊத்துவே என்பதும், அண்ணாச்சி தென்னம்பிள்ளைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்து வரிசை மாறாமல் ஊற்றியதும், டீ குடிக்கிறவனுக்குப் புரையேறிவிடும். வருஷக்கணக்கில் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். முதலாளி செத்தபோது துக்கத்துக்குப் போன இடத்தில்கூட மெதுவாக யாரோ ஆரம்பித்து, வெளித்திண்ணையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவரு ஒரு டைப்பு, ஆனா தங்கமான மனுஷன்.

அந்தக் கதையை அண்ணாச்சி எப்போதும் ஒரு இடத்தோடு நிறுத்திவிடுவார். அதற்குமேல் என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அந்த மாசக் கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, பதினோரு நாளுக்கும் கம்பாசிட்டர் கூலி போடாதே, தோட்ட வேலைக் கூலி போடு என்றார். போட்டேன். நல்ல கையெழுத்தில், தனி வரியாக, தோட்ட வேலை 11 நாள் என்று எழுதிக் கணக்கைக் கூட்டினேன். பாதிக்கும் குறைவு. அண்ணாச்சி ஏட்டைப் பார்த்தார், ரெவின்யூ ஸ்டாம்ப்பின் மேல் கையெழுத்துப் போட்டார், என்னை நிமிர்ந்து பார்த்து, தோட்டத்துக்கு ‘ட்’ விட்டுட்டியே தம்பி என்றார். நான் பதறிப்போய் ஏட்டைப் பார்த்தேன். விடவில்லை, சரியாகத்தான் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆகவே அனுபவித்தவரே சிரிக்கிறார் என்பதை என்னிடம் சொல்லாதீர்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். ஷோர் கதைகளில் பாப்கார்ன் வரும், பலூன் வரும், அந்த மாதம் அந்த ஆட்டக்காரன் வீட்டுக்கு எவ்வளவு கொண்டுபோனான் என்பது வராது. முதலாளியை கேரக்டர் ஆக்கிவிட்டால் அவன் செய்வதெல்லாம் மழை வெயில் மாதிரி ஆகிவிடுகிறது. மழையிடம் யாராவது கணக்குக் கேட்பார்களா? கறாரானவர், வித்தியாசமானவர், ஒரு மாதிரி ஆள், பழைய காலத்து மனுஷன், எத்தனை சொல் வைத்திருக்கிறோம் பாருங்கள். எதிலாவது கூலி என்ற சொல் இருக்கிறதா? அதே வேலையை உங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் செய்தால் அவனைக் கேரக்டர் என்பீர்களா, கிறுக்கன் என்பீர்களா?

கண்டிப்பு இருந்ததால்தான் மூன்று கோப்பை வந்தது என்று பெரியவர் சொல்லியிருப்பார். நீங்கள் எழுதவில்லை, ஆனால் சொல்லியிருப்பார், எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. 1967 வரை என்ஹெச்எல்லில் மொத்தமே ஆறு அணி. நூற்றிருபது பேருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம், அவ்வளவுதான். அதற்கு அடுத்த நூறு பேர், எந்தக் காலத்திலும் பெரிய லீக்கில் ஆடக்கூடியவர்கள், கீழே கிடந்தார்கள். ஒப்பந்தப்படி ஆட்டக்காரன் அணிக்குச் சொந்தம், அணி விற்றாலொழிய வேறு இடத்துக்குப் போக முடியாது. அணி ஷோருக்குச் சொந்தம். கூண்டுக்குள் புலி நன்றாக உறுமுகிறது என்றால் அது கூண்டு செய்தவனின் திறமையா? பிரையன் கில்ரியா எட்டு வருஷத்துக்கு மேல் அங்கே ஆடினார். பில் வைட் என்ற தடுப்பாட்டக்காரர் இருபத்தெட்டு வயதுவரை பெரிய லீக்கைப் பார்க்கவில்லை, பார்த்தபிறகு லீக்கின் சிறந்தவர்கள் பட்டியலில் மூன்று முறை இடம்பிடித்தார், 1972-ல் சோவியத் அணிக்கு எதிராகக் கனடாவுக்கே ஆடினார்.

1966 டிசம்பரில் ஷோர் மூன்று பேரைச் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தார். பில் வைட், டேல் ரோல்ஃப், டேவ் அமாடியோ. ஆட்டத்தில் அக்கறை இல்லையாம். அன்றைக்கு மற்றவர்கள் ஸ்கேட்டை மாட்ட மறுத்துவிட்டார்கள். ஒரு சின்ன லீக் அணி, கையில் காசு இல்லாதவர்கள், கல்யாணமாகிக் குழந்தை இருப்பவர்கள், அந்த ஊரைவிட்டால் வேறு ஊர் இல்லாதவர்கள். முன்னால் நின்று பேசியவர்களில் கில்ரியா ஒருவர். டொராண்டோவிலிருந்து ஆலன் ஈகிள்சன் என்ற இளம் வக்கீலைக் கூப்பிட்டார்கள், பாபி ஆர் என்ற பதினெட்டு வயதுப் பையனுக்கு பாஸ்டனோடு பேசி ஒப்பந்தம் வாங்கித் தந்து அப்போதுதான் பெயர் வாங்கியிருந்தவர். ஷோருக்கு உடம்பும் கெட்டுப்போயிருந்தது. 1967-ன் தொடக்கத்தில் நிர்வாகத்திலிருந்து விலகினார், அந்த வருஷமே ஆட்டக்காரர்களை லாஸ் ஏஞ்சலிஸின் புதிய அணிக்கு விற்றுவிட்டார். அதே வருஷம்தான் என்ஹெச்எல் ஆட்டக்காரர்களுக்குச் சங்கமே வந்தது. முன்பு முயன்று கலைந்துபோன சங்கம், கடைசியில் உங்கள் ஊர் மாட்டுக் கொட்டகையில் நடந்த அந்தத் தகராறின் வேகத்தில் நின்றது. 1967 அக்டோபர் 14 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. அணியின் வரலாற்றில் முதல் கோலைப் போட்டவர் பிரையன் கில்ரியா. முப்பத்து மூன்று வயது ஆக ஒரு வாரம் இருந்தது. என்ஹெச்எல்லில் அவர் ஆடியது மொத்தம் 26 ஆட்டம்தான்.

இதைப் பெரியவர் சொன்னாரா? சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். கயிற்றுக் கதை ஞாபகம் இருக்கிறது, இது இல்லை.

ஈகிள்சன் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ மீட்பர் கதை சொன்னதாக நினைத்துக்கொள்வீர்கள். இருபத்து நாலு வருஷத்துக்கு மேல் சங்கத்தின் தலைமையில் இருந்தார், முதலாளிகளோடு நல்ல சிநேகிதம் வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் பணத்தில் கைவைத்தார். தோண்டியெடுத்தவர் உங்கள் மாநிலத்திலேயே லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு சின்ன நாளிதழின் விளையாட்டு நிருபர், ரஸ் கான்வே. 1998-ல் பாஸ்டன் கோர்ட்டில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கனடாவில் பதினெட்டு மாதத் தண்டனை வாங்கி, ஆறு மாதம் உள்ளே இருந்தார் ஈகிள்சன். அவரையும் செம கேரக்டர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசிவரை.

உங்கள் பெரியவர் ஏன் நேசிக்கிறார் என்று கேட்டீர்கள். தெரியவில்லை. அவர் நேசிப்பது ஷோரை இல்லை என்று மட்டும் நினைக்கிறேன். அந்தக் கொலீசியத்தில் ஐயாயிரம் பேருக்கு நடுவே அப்பாவோடு உட்கார்ந்திருப்பார், குளிர் ஏறும், பக்கத்தில் யாரோ பாப்கார்ன் கொண்டுவந்து நீட்டுவான், அது போன மாதம்வரை கோல் போட்டவன் என்று அப்பா காதில் சொல்லியிருப்பார். அதில் அவருக்குச் சிரிப்பு வந்ததா, சங்கடமாக இருந்ததா? கேட்டுப் பாருங்கள். 1966 டிசம்பரில் அந்த வாரம் ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருந்தாரா, ஆட்டக்காரர்கள்மேல் கோபப்பட்டாரா என்றும் கேளுங்கள். நிதானமாகக் கேளுங்கள், இந்த வயதில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

உங்களைத் திட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பாதியில் போய்விட்டது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் சோஃபா தூக்காமல் என்ன செய்வான், அது எனக்குத் தெரியாதா? தூக்குங்கள். அந்த ‘ஹா ஹா’வை மட்டும் எனக்கு எழுதவேண்டாம். சம்பள ஏடு எழுதியவனிடம் அது செல்லாது.

நாலு பேர் என்றீர்களே, மற்ற மூன்று பேருக்கும் முதுகு பிடித்ததா? விசாரித்தீர்களா?